கோரைப்பல்லும் விசிலும்

மார்கழியில் நாலரை மணி முதல் வண்டிக்கு
நான்தான் கண்டக்டர்.
வியாசர்பாடியிலிருந்து காசிமேடு வரை
ஷட்டரை இறக்கிவிட்டு
மஃப்ளருக்குள் ஒடுங்கிக் கிடக்கும் பதினோரு பேர்.
வெளியூர்க்காரன் எவனாவது ஏறினால் சிரிப்பான்,
இருபத்தொரு டிகிரிக்கு இவ்வளவு வேஷமா என்று.
சிரிக்கட்டும்.
அவன் பல் நல்ல பல்.

எவர்சில்வர் விசில்.
ராத்திரி முழுக்க ஆணியில் தொங்கிப்
பனி குடித்திருந்தது.
இடப்பக்கக் கோரைப்பல்லில் பட்டதும்
ஈறிலிருந்து காது வரைக்கும்
யாரோ ஒரு கம்பியை உருவினார்கள்.
ஒரு ஊதல் நிற்க, இரண்டு ஊதல் போக.
நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.
மூலக்கொத்தளத்தில் வண்டி நின்றது நின்றதுதான்.
டிரைவர் குணாளன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
நான் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பல்லைக் கடிச்சிக்கினு ஓட்டு,
தை பொறந்தா சரியாப்பூடும்"
என்றார் டைம் கீப்பர்.
எல்லா வியாதிக்கும் அவரிடம் இந்த ஒரே மாத்திரை.
ஒரு வாரம் கடித்தேன்.
தூக்கத்திலும் கடித்தேனாம்.
மிளகை நசுக்குகிற மாதிரி சத்தம் என்று
வேதவல்லி தலையணையோடு
கூடத்துக்குப் போய்விட்டாள்.

பெரம்பூர் கிளினிக்கில் டாக்டர் நிலோஃபர்
முதலில் கேட்டது:
"கூச்சம் இருக்கா?"
இருக்கிறது டாக்டர்.
உள்ளே போ உள்ளே போ என்று
கூட்டத்துக்கு நடுவே கத்தித் திரிந்த வாய்தான்.
ஆனாலும் விளக்குக்கு நேராக
இதை இப்படித் திறந்து போட்டுப் படுக்க,
உள்ளே இருப்பதை இன்னொருத்தர் எண்ண...
அந்தக் கூச்சத்தை விழுங்கிவிட்டுப்
பல்லுக்கு மட்டும் ஆமாம் என்றேன்.

சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார்.
"பல்லு தேய்க்கிறீங்களா,
பாத்திரம் தேய்க்கிறீங்களா?"
ஈறோரம் ஒரு பள்ளம்,
மரத்தில் கோடாலி இறங்கின மாதிரி.
இருபத்தாறு வருஷமாக, தினமும், நானேதான்.
அழுக்குக்குப் பயந்து பயந்து
பல்லையே கொஞ்சம் கொஞ்சமாகத்
துப்பித் தீர்த்திருக்கிறேன்.

பள்ளத்தைப் பூசினார்.
எங்கள் தெருவில் மூன்று மழையாகப்
பூசாத பள்ளம் இருக்கிறது;
இது நீல வெளிச்சத்தில்
நொடியில் கெட்டியானது.
மெத்தென்ற பிரஷ் வாங்கச் சொன்னார்.
விடியற்காலைத் தொட்டித் தண்ணீரை
அப்படியே கொப்பளிக்க வேண்டாம், வெதுவெதுப்பாக.
தாகமே இல்லாவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும்,
பனிக்காலத்தில் நாக்கு பொய் சொல்லுமாம்.
உதடு வெடித்தால் எண்ணெய் தடவு, நக்காதே.

"நாக்கைத் தொடாமல் டிக்கெட் எப்படிக் கிழிப்பது?"
என்று கேட்டேன்.
அவர் என் கட்டைவிரலை
வெகுநேரம் பார்த்தார்.
என் பல்லைக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

இப்போது தோள்பையில்
ஒரு டப்பா மூடி, ஈரப் பஞ்சு.
விசில் ஆணியில் தொங்குவதில்லை.
ராத்திரி சாப்பாடு ஆனதும் வேதவல்லி
அதை என் சட்டைக்குள் சுருட்டி வைக்கிறாள்.
டெப்போவிலிருந்து வண்டி எடுக்கும்வரை
உள்ளங்கையில் பொத்திக்கொள்கிறேன்,
கோழிக்குஞ்சு மாதிரி.
குணாளன் கேட்டால் கேட்கட்டும்.

இன்றைக்கு மூலக்கொத்தளத்தில்
தேசம்மாள் ஏறினாள், காலி அன்னக்கூடையோடு.
ஐஸில் கை விட்டு மீன் பொறுக்குகிறவள்.
இலவச டிக்கெட்டை
ஒரு கையால் வாங்கினாள்.
மறு கை கன்னத்தில்.
"கூச்சமா?" என்றேன்.
"அடப் போய்யா,
உங்கிட்ட எனக்கென்னா கூச்சம்"
என்று சிரிக்க வாயைத் திறந்தவள்
காற்று பட்டதும்
முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

பெரம்பூர், ஞாயிற்றுக்கிழமையும் உண்டு
என்று அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு
இரண்டு ஊதினேன்.